பூட்டி வைத்த வண்டி



இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பரீட்சை கிடையாது.

இரண்டு வாரத்துக்கு முன் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பையன் போன் செய்தான். பையன் என்கிறேன், அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. வேலை விஷயமாக ஒன்றரை வருடம் ஜெர்மனி போகிறான். போன வருடம்தான் ஹைப்ரிட் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். விற்க மனமில்லை.

"டீச்சர், நம்ம ஊர் வீட்டு ஷெட்டுல கவர் போட்டுப் பூட்டிட்டு, சாவியை அப்பாகிட்ட குடுத்துட்டுப் போனா போதும்ல?" என்று கேட்டான்.

"ஏண்டா, இதை மெக்கானிக்கிட்ட கேட்காம சரித்திர டீச்சர்கிட்ட கேட்கிற?" என்றேன்.

"நீங்கதான் டீச்சர், சாரோட ஃபியட்டை அத்தனை வருஷம் வச்சுக் காப்பாத்துனீங்க" என்றான்.

வெகுளியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். அந்த ஃபியட் என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா என்று ஒரு மாநிலம். 1907இல்தான் அது மாநிலமானது. 1957இல் பொன்விழா வந்தபோது, அங்கே டல்சா என்ற எண்ணெய் நகரத்து மக்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு புத்தம்புது காரைப் பூமிக்குள் புதைத்து வைப்போம், ஐம்பது வருடம் கழித்து வரும் சந்ததி எடுத்துப் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பிளிமத் பெல்வடியர் என்ற கார். தங்க நிறமும் வெள்ளையுமாக, பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இறக்கைகள். நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் பள்ளம் தோண்டிக் கான்கிரீட் அறை கட்டினார்கள். காருக்குத் துருப்பிடிக்காத மசகுப் பூச்சு பூசி, நன்றாகச் சுற்றி, ஜூன் 15 அன்று உள்ளே இறக்கி மூடினார்கள்.

எவ்வளவு அக்கறை பாருங்கள். 2007இல் உலகத்தில் பெட்ரோலே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பாத்திரத்தில் பெட்ரோலும், எஞ்சின் ஆயிலும் கூடவே வைத்தார்கள். 2007இல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று ஒரு போட்டியும் நடத்தினார்கள். சரியாகச் சொல்பவருக்கே அந்தக் கார்.

ஐம்பது வருடம் ஓடியது. 2007 ஜூன் மாதம், ஆயிரக்கணக்கானோர் கூடிப் பார்க்க, மூடியைத் திறந்தார்கள். உள்ளே தண்ணீர். நிலத்தடி ஈரமும் மழைநீரும் கான்கிரீட் வழியே கசிந்து உள்ளே தங்கிவிட்டது. சுற்றிய உறையைக் கிழித்துப் பார்த்தால் காரின் உருவம் இருந்தது, உயிர் இல்லை. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. இருக்கைத் துணி மக்கிவிட்டது. உடம்பு முழுக்கத் துரு. போட்டியில் ஜெயித்தவர் பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய உறவினர்களுக்குக் கார் போனது. பிறகு துருவைப் போக்கப் பாடுபட்டுப் பார்த்தார்கள். கடைசியில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் போய் நின்றது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே குழியில், அதே தண்ணீரில், இறுக மூடிய இரும்புக் கலம் ஒன்றும் இருந்தது. அதற்குள் இருந்த கொடியும் காகிதங்களும் நல்ல நிலையில் கிடைத்தன. காகிதத்தை அப்படி மூடி வைக்கலாம். அதற்கு ஓட வேண்டிய வேலை இல்லை. காரோ நூற்றுக்கணக்கான அசையும் உறுப்புகளும், ரப்பரும், எண்ணெயும், கம்பியும் சேர்ந்தது. அதை மூடிவிட்டால் மட்டும் காப்பாற்றியதாகாது.

இதில் டல்சாக்காரர்கள் பாடமும் கற்றார்கள். 1998இல் பிளிமத் பிரௌலர் என்ற இன்னொரு காரை வைத்தார்கள். இந்த முறை பூமிக்கு அடியில் இல்லை, தரைக்கு மேலே கட்டிய அறையில். 2048இல் திறப்பதாக ஏற்பாடு. உங்கள் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

அடுத்து ஒரே வகைக் காருக்கு நேர்ந்த இரண்டு விதிகளைச் சொல்கிறேன்.

புகாட்டி ராயல் என்ற காரை உங்களில் கார் பைத்தியங்கள் அறிந்திருப்பீர்கள். எத்தோரே புகாட்டி என்ற இத்தாலியர், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் தொழிற்சாலை வைத்து, அரசர்களுக்கென்றே செய்த கார். எஞ்சின் 12.7 லிட்டர். நம் சின்னக் கார்களின் எஞ்சின் ஒரு லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1930 வாக்கில் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். அரசர்கள் யாரும் வாங்கவில்லை. மூன்று கார்கள்தான் வெளியே விற்றன. மிச்சமிருந்த எஞ்சின்களைப் பிரெஞ்சு ரயில் பெட்டிகளுக்குப் போட்டு ஓட்டினார்கள். இன்று உலகத்தில் ஆறு ராயல்கள் இருக்கின்றன.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜெர்மன் படை கண்ணில் பட்ட வண்டியையெல்லாம் எடுத்துக்கொண்டது. புகாட்டி குடும்பத்தார் தங்களிடம் மிஞ்சியிருந்த மூன்று ராயல்களைப் பாரிசுக்கு அருகில் எர்மெனோன்வில் என்ற இடத்தில் இருந்த தங்கள் வீட்டில் வைத்து, முன்னால் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். போர் முடிந்த பிறகு சுவரை உடைத்தார்கள். மூன்றும் பிழைத்தன. 1950இல் அவற்றில் இரண்டை பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கப் பந்தய வீரர் வாங்கினார். விலையோடு இரண்டு புது குளிர்சாதனப் பெட்டிகளும் சேர்த்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். போருக்குப் பிந்தைய பிரான்சில் ராஜா காரைவிட ஃபிரிட்ஜுக்கு மதிப்பு! அந்த இரண்டில் ஒன்று 1987இல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது.

இன்னொரு ராயலை ஜெர்மனியில் ஒரு மருத்துவர் வாங்கியிருந்தார். நாஜிக்கள் வந்த பிறகு அவர் நாட்டைவிட்டுக் கிளம்பி, காரோடு கடைசியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே குளிர்காலத்தில் எஞ்சினைச் சுற்றியிருக்கும் தண்ணீரை வடிக்காமல் கார் நின்றுவிட்டது. தண்ணீர் உறைந்தால் விரியும் என்று அறிவியல் பாடத்தில் படித்தீர்களே, அதுதான் நடந்தது. அவ்வளவு பெரிய எஞ்சின் வெடிப்பு விட்டது. அந்தக் கார் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பொறியாளர் சார்லஸ் செய்ன் அதைக் கண்டெடுத்து வாங்கிச் சரி செய்தார். இன்று டியர்பார்ன் நகரத்து ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஒரு வண்டியைச் சுவருக்குப் பின்னால் மறைத்தும் அது பிழைத்தது. இன்னொன்று ஒரு வாளித் தண்ணீரை வடிக்காததால் குப்பைக்குப் போனது. வண்டி விலையுயர்ந்ததா இல்லையா என்பது இரண்டுக்கும் பொருட்டே இல்லை.

போர்க்காலத்தில் இங்கிலாந்தில் சாதாரண மக்களும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1939 செப்டம்பரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 ஜூலையில் சொந்த உபயோகத்துக்கான அடிப்படை ரேஷனும் நின்றது. மறுபடி 1945 ஜூனில்தான் கிடைத்தது. மூன்று வருடம் கார்கள் ஷெட்டில் நின்றன. தெரிந்தவர்கள் அச்சின் அடியில் மரக்கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கி வைத்தார்கள். தண்ணீரை வடித்தார்கள். பேட்டரியைக் கழற்றினார்கள். நம் பக்கத்தில் அப்போது கரிவாயு பஸ் ஓடியது. பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரியை எரித்து வரும் வாயுவில் ஓடிய பஸ். என் அப்பா சின்ன வயதில் அதில் போயிருக்கிறார். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார்.

இனி மின்சாரக் கார். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான கார்கள் மொத்தம் சுமார் 4,200. அதில் 1,500க்கும் மேல் மின்சாரக் கார்கள். பெட்ரோல் கார்கள் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. மற்றவை நீராவி. மின்சாரக் காருக்குக் கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்யும் வேலை இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. பெட்ரோல் கார் செய்து உலகத்தை மாற்றிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையார் ஓட்டியது எந்தக் கார் தெரியுமா? டெட்ராய்ட் எலெக்ட்ரிக். 1914ஆம் வருடத்து அந்தக் கார் இன்றும் மேலே சொன்ன அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கார்களை வைத்திருந்தவர்களில் பலர் வீட்டில் நிறுத்தவில்லை. நகரத்தில் இதற்கென்றே பொது கராஜ்கள் இருந்தன. முன்பு குதிரை லாயத்தில் குதிரையை விட்டு வைப்பது போல, மாதச் சம்பளம் கொடுத்துக் காரை அங்கே விடுவார்கள். ராத்திரி சார்ஜ் ஏற்றி, துடைத்து, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, காலையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். வைப்பது என்றால் கவனிப்பது என்று அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காரணம், ஈய பேட்டரி. பிரான்சைச் சேர்ந்த காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்தது. அதில் ஒரு குணம். சார்ஜ் இறங்கிய நிலையில் சும்மா விட்டால் உள்ளே இருக்கும் தகட்டின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழையபடி ஏறாது. தாமஸ் ஆல்வா எடிசன் பல வருடம் பாடுபட்டு நிக்கலும் இரும்பும் வைத்து ஒரு பேட்டரி செய்தார். அது இறங்கிய நிலையில் கிடந்தாலும் அவ்வளவு எளிதில் கெடாது. ஆனால் விலை அதிகம். அதற்குள் பெட்ரோல் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்டது, விலையும் குறைந்துவிட்டது. மின்சாரக் கார் ஒதுங்கியது.

1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி 1 என்று ஒரு மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் கொடுத்தார்கள். மொத்தம் ஆயிரத்து நூறு கார் சொச்சம். பிறகு திட்டத்தையே நிறுத்தி, கார்களைத் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். சில கார்களை மட்டும் ஓட முடியாதபடி செய்து அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்தார்கள். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனிலும் ஒன்று இருக்கிறது. வைத்துக்கொள்ள மனமும் இடமும் இருந்தால் போதாது, கொடுத்தவன் அனுமதியும் வேண்டும் என்பதற்கு அது உதாரணம்.

சேர்த்து வைப்பதிலும் தவறு நடக்கும். பிரான்சில் முலூஸ் என்ற ஊர். அங்கே ஷ்லும்ப் சகோதரர்கள், ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்று இருவர். கம்பளி நூல் ஆலை முதலாளிகள். ஃபிரிட்ஸுக்குப் புகாட்டி மேல் தீராத ஆசை. 1960களில் உலகம் முழுக்கக் கடிதம் எழுதி வாங்கிக் குவித்தார். 1964இல் அமெரிக்காவில் ஒருவரிடமிருந்து சுமார் 30 புகாட்டிகளை ஒரே தடவையில் வாங்கி, ரயிலில் ஏற்றி, கப்பலில் கொண்டுவந்தார். முலூஸ் ஆலைக் கட்டடம் ஒன்றில் யாருக்கும் காட்டாமல் சரிசெய்து வரிசையாக நிறுத்தினார். தெரு விளக்குக் கம்பங்கள்கூட பாரிஸ் பாலத்தில் உள்ளவற்றைப் போலச் செய்து நட்டார். நானூறுக்கும் மேற்பட்ட கார்கள்.

1970களில் ஜவுளித் தொழில் படுத்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் தொழிலாளர்கள் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். தங்கள் உழைப்பு எங்கே போயிற்று என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர்கள் உடைத்து நொறுக்கவில்லை. தொழிலாளர் அருங்காட்சியகம் என்று பெயர் வைத்து, மக்களுக்குத் திறந்துவிட்டு, இரண்டு வருடம் அந்த இடத்தைக் கையில் வைத்திருந்தார்கள். பிறகு பிரெஞ்சு அரசு அந்தச் சேகரிப்பு வெளியே போகாதபடி பாதுகாப்புக் கொடுத்தது. 1982இல் அது தேசிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. புகாட்டி ராயல் இரண்டு இன்று அங்கே இருக்கின்றன. செங்கல் சுவருக்குப் பின்னால் தப்பியதில் ஒன்று அவற்றில் சேர்த்தி.

இதற்கு நேர்மாறாக ஒன்று. மேற்குப் பிரான்சில் ஒரு லாரித் தொழிலதிபர் 1950களிலிருந்து அருமையான பழைய கார்களை வாங்கிச் சேர்த்தார். அருங்காட்சியகம் வைக்க வேண்டும் என்பது கனவு. தொழிலில் நஷ்டம் வந்தது. சில கார்களை விற்க வேண்டியதாயிற்று. மிச்சமெல்லாம் தகரக் கொட்டகைக்குக் கீழே அப்படியே நின்றன. பிள்ளை காலத்திலும் யாரும் தொடவில்லை. 2014இல் ஏலக் கம்பெனிக்காரர்கள் போய்ப் பார்த்தபோது சுமார் 60 கார்கள். கொடி படர்ந்து, கூரை சரிந்து சில கார்கள் நசுங்கியே போயிருந்தன. கராஜுக்குள் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ஃபெராரி. பிரெஞ்சு நடிகர் அலன் தெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த கார். 2015 பிப்ரவரியில் பாரிஸில் அது மட்டும் ஒரு கோடியே அறுபது லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

பத்திரிகைகள் அந்த ஃபெராரியைப் பற்றி எழுதின. எனக்கு அந்தக் கூரைக்கடியில் நசுங்கிய கார்கள்தான் மனதில் நின்றன. அவற்றையும் ஒருவர் ஆசையாக வாங்கினார்தானே.

சரி, இன்றைய ஹைப்ரிட் காருக்கு வருவோம். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்ததிலிருந்து இது பெரிய அளவில் பரவியது. இதில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று காரை ஓட்டும் பெரிய பேட்டரி. இன்னொன்று சாதாரணக் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி. வண்டியை நிறுத்தியதும் பெரிய பேட்டரியின் இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும், பாதுகாப்புக்காக. மறுபடி அந்த இணைப்பைச் சேர்க்க 12 வோல்ட் பேட்டரி வேண்டும். அதாவது பெரிய பேட்டரியில் எவ்வளவு சக்தி இருந்தாலும் சின்னது படுத்துவிட்டால் கார் எழுந்திருக்காது. யானையை எழுப்பப் பாகன் வேண்டும், பாகன் தூங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் தூங்கும்போதும் அலாரமும், சாவியைத் தேடும் கருவியும், இன்னும் என்னென்னவோ அந்தச் சின்ன பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 2020 ஊரடங்கில் எத்தனை வீட்டு வாசலில் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய பேட்டரிக்கும் பத்தியம் உண்டு. இப்போது பெரும்பாலும் லித்தியம் அயனி. இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. முழுக்க நிரப்பிச் சூட்டில் மாதக்கணக்கில் வைத்தால் சீக்கிரம் மூப்படையும். முழுக்க வடிந்துபோய்க் கிடந்தால் அதைவிட மோசம், செத்தே போகலாம். பாதி வயிறு, நிழல், அவ்வப்போது ஒரு விசாரிப்பு. நம் வயதுக்காரர்களுக்கு டாக்டர் சொல்வதும் இதுதான்.

இப்போது ஃபியட் கதை.

என் வீட்டுக்காரர் 1991இல் அந்த ஃபியட்டைப் பழையதாக வாங்கினார். வெளிர்நீலம். ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கழுவித் துடைத்த பிறகுதான் அவருக்கு டிபன் இறங்கும். உங்களில் எத்தனையோ பேரை ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு அதில் திணித்து அழைத்துப் போயிருக்கிறார். பின்சீட்டில் ஆறு பேர், முன்னால் மூன்று பேர். 2015 ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

நான் காரை ஷெட்டுக்குள் விடச் சொல்லி, புதுத் தார்ப்பாய் வாங்கி, நான்கு பக்கமும் இறுக்கிக் கயிறு கட்டிவிட்டேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தம்பி மகன் "அத்தை, வாரம் ஒருதடவை நான் எடுத்து ஓட்டுறேனே" என்று கேட்டான். அவர் உட்கார்ந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்வதை என்னால் நினைக்க முடியவில்லை. மாட்டேன் என்றேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தார்ப்பாயின் மேலேயே சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்து, பூப்போட்டுவிட்டு வருவேன். பிரித்துப் பார்க்கவில்லை.

2022இல் ஷெட் சுவர் சாய்ந்தது. பிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் காலத்திலிருந்தே வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கை வரவழைத்தேன். தார்ப்பாயை எடுத்ததும் ஒரு வாடை. நான் காற்றுப் புகாமல் கட்டியது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துவிட்டது. காவிரிப் பக்கத்து மண் தரை, மழைக்காலம் முழுக்க ஈரம் மேலே வந்துகொண்டே இருந்திருக்கிறது. தரைத் தகடு கால் வைத்தால் உள்ளே போனது. கைபிரேக் போட்டபடி விட்டதால் சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தது. டாங்கில் பெட்ரோல் கோந்து மாதிரி. பின்சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

"டீச்சர், ஓடி ஓடிக் கெட்டிருந்தா சரி பண்ணிடுவேன். இது நின்னு நின்னே கெட்டது" என்றார் மெக்கானிக். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

டாஷ்போர்டு அறையில் அவருடைய நோட்டு இருந்தது. என்றைக்கு ஆயில் மாற்றினார், என்றைக்கு பேட்டரிக்குத் தண்ணீர் விட்டார், எத்தனை கிலோமீட்டர் என்று இருபத்து நான்கு வருடக் கணக்கு, அவர் கையெழுத்தில். கடைசிப் பதிவு 2015 புரட்டாசி. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். அந்தப் பக்கங்களை எழுதியிருக்க வேண்டியவள் நான். காருக்கு நான் காவல் இருந்தேன் என்று ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் துக்கத்துக்குத்தான் காவல் இருந்திருக்கிறேன்.

எஞ்சினையும் நான்கு கதவுகளையும் மெக்கானிக் கழற்றி எடுத்தார். கும்பகோணம் பக்கத்தில் ஒருவர் அதே மாடல் ஃபியட்டை ஆசையாக வைத்திருக்கிறார், அவருக்குக் கொடுத்தோம். பணம் வாங்கவில்லை. போன வருடம் கதவு மட்டும் வெளிர்நீலமாக அந்த வண்டி என் வாசலில் வந்து நின்றது. ஒரு சுற்று அழைத்துப் போனார்கள். அவ்வளவுதான் ஃபியட் கதை.

ஆகவே, ஜெர்மனி போகிற பிள்ளைக்கு என் பதில் இது. மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில், உன் காரின் கையேட்டை எடுத்து, நீண்ட நாள் நிறுத்துவது பற்றிய பக்கத்தைப் படி. ஒவ்வொரு காருக்கும் வேறு வேறு முறை. பெரிய பேட்டரி உள்ள காரில் நாமாக எதையும் கழற்றக் கூடாது, உயிருக்கு ஆபத்து.

இரண்டு, பூட்டி வைக்காதே. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்ட ஒரு ஆளை ஏற்பாடு செய். அப்பாவுக்கு எழுபது வயது, அவரிடம் சாவி மட்டும் கொடுத்தால் அவர் சாவியைத்தான் பத்திரமாக வைத்திருப்பார். உன் சித்தப்பா மகன் ஓட்டட்டும். இன்ஷூரன்ஸ் விட்டுப்போகாமல் கட்டு, அது இல்லாமல் தெருவில் இறக்கக் கூடாது.

மூன்று, ஓட்ட முடியாத மாதங்களில் 12 வோல்ட் பேட்டரிக்கென்று விற்கும் சின்ன சார்ஜரைப் போட்டு வைக்கலாம். கையேடு சொல்கிறபடி செய்.

நான்கு, பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். காற்றுப் போகும் துணி உறை போடு. தரை சிமெண்டாக இருக்கட்டும். நம் பக்கம் தாழ்வான இடம், வெள்ளம் வந்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று இப்போதே முடிவு செய். 2023 டிசம்பர் புயலில் சென்னைக்காரர்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய்க் காரை நிறுத்தியதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஐந்து, கைபிரேக்கை இழுத்து வைக்காதே. சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வை. டயர் காற்றை மாதம் ஒரு முறை பார்க்கச் சொல். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோல் மாதக்கணக்கில் கிடக்காமல் ஓட்டித் தீர்த்துப் புதிதாக நிரப்பச் சொல்.

ஆறு, ஒரு நோட்டு வாங்கிக் காருக்குள் வை. யார் எடுத்தாலும் தேதி போட்டு எழுதட்டும். பக்கம் காலியாக இருந்தால் உனக்கே தெரிந்துவிடும்.

இதெல்லாம் முடியாது என்றால் விற்றுவிடு. வேறு யாராவது ஓட்டட்டும். அதில் தப்பே இல்லை, திரும்பி வந்து வேறு வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கோயில் தேரைப் பாருங்கள். வருடத்தில் ஒரு நாள் ஓடுவதற்காக மற்ற நாளெல்லாம் கொட்டகைக்குள் நிற்கிறது. ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் தச்சர் வந்து தட்டிப் பார்க்கிறார், அச்சுக்கு எண்ணெய் விடுகிறார்கள், வடம் பிரித்துக் காய வைக்கிறார்கள். அப்படிப் பார்க்க ஆள் இல்லாமல் போன தேர்கள் எத்தனை ஊரில் மண்ணோடு நின்றுவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் யாராவது விட்டுப்போன வண்டியோ, தையல் மிஷினோ, வீணையோ, கிணற்று மோட்டாரோ துணிபோட்டு மூடிக் கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். கண்ணாடி மாற்ற வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்